பரங்கி உருண்டைக்குப் புரதத் தூள் தேவையில்லை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செப்டம்பர் பிறந்ததும் பரங்கிக்காயும் இலவங்கப்பட்டையும் மணக்கும் தின்பண்டங்களின் பருவம் தொடங்கிவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அந்த வரிசையில் 'ஆரோக்கியமானது', 'உயர் புரதம் கொண்டது' என்ற இரட்டை அடைமொழியுடன் ஏர் ஃப்ரையரில் செய்யப்படும் பரங்கி டோனட் உருண்டை முன்னிடம் பெற்றுள்ளது. டோனட் என்பது நடுவில் துளையிட்டு எண்ணெயில் பொரிக்கப்படும் இனிப்பு வளையம்; அந்தத் துளையிலிருந்து வெட்டியெடுத்த மாவின் அளவில் செய்யப்படும் சிறு உருண்டையை டங்கின் நிறுவனம் 1970-களின் தொடக்கத்திலும், கனடாவின் டிம் ஹார்ட்டன்ஸ் நிறுவனம் 1976-இலும் தனிப் பண்டமாக விற்பனைக்குக் கொண்டுவந்தன. எண்ணெயை விலக்கி, மாவில் புரதத் தூளைக் கலந்து, பரங்கி விழுதைச் சேர்த்துவிட்டால் இந்த உருண்டை காலை உணவாகவே உண்ணத்தக்க சத்துணவாகிவிடுகிறது என்பது இன்று வீட்டுச் சமையலறைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் ஏறத்தாழ ஐயமின்றி ஏற்கப்பட்டுவிட்ட கருத்து. அக்கருத்தில் ஒரு பாதி உண்மையும் ஒரு முழுப் பிழையும் உள்ளன என்பதையும், அந்தப் பிழை உருண்டையின் மெய்யான நற்பொருளாகிய பரங்கியையே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கருத்து மூன்று கூற்றுகளின்மேல் நிற்கிறது. ஏர் ஃப்ரையர் பொரித்த பண்டத்தின் தீமையை நீக்குகிறது என்பது முதற்கூற்று. சேர்க்கப்படும் புரதம் இனிப்பின் தன்மையையே மாற்றிவிடுகிறது என்பது இரண்டாவது. இவ்வாறு மாற்றப்பட்ட பண்டத்தை அளவு பாராமல் உண்ணலாம் என்பது மூன்றாவது. மூன்றாவது கூற்று பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை என்றாலும், 'குற்றவுணர்வின்றி உண்ணலாம்' என்ற வழக்கமான உறுதிமொழியில் அதுவே அடங்கியிருக்கிறது.

முதற்கூற்றில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்வதே முறை. ஏறத்தாழ 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்த எண்ணெயில் மாவு விழும்போது அதன் மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது. அந்த ஆவி வெளிநோக்கிப் பாயும்வரை எண்ணெய் உட்புகுவது தடைப்படுகிறது. பண்டத்தை வெளியே எடுத்து ஆறவிடும்போதோ உள்ளே எஞ்சிய ஆவி குளிர்ந்து சுருங்க, மேலோட்டின் நுண்துளைகள் வெளியே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளிழுத்துக்கொள்கின்றன. பேக்கிங் பவுடரால் உப்பவைத்துப் பொரித்த கேக் வகை டோனட்டின் 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம் கொழுப்பும் 420 கலோரியும் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். எண்ணெய்க் குளியலைத் தவிர்த்தால் அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி தவிர்க்கப்படுகிறது என்பதில் மறுப்புக்கு இடமில்லை.

ஆனால் இந்த நன்மை ஏர் ஃப்ரையர் என்ற கருவிக்கே உரியதன்று. பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் ஐரோப்பியச் சந்தையில் அறிமுகப்படுத்திய இக்கருவி, மேற்புறத்தில் மின்சூட்டுக் கம்பியையும் விசிறியையும் கொண்டு, துளையிட்ட கூடையில் வைத்த பண்டத்தைச் சுற்றி வெப்பக் காற்றை விரைவாகச் சுழலச் செய்யும் சிறிய அடுப்பே ஆகும். பெரிய அடுப்பைவிட விரைவில் சூடேறுவதும், காற்று நெருங்கிப் பாய்வதால் மேல்தோல் சீக்கிரம் உலர்ந்து சிவப்பதும் அதன் உண்மையான சிறப்புகள். எனினும் அதில் நடப்பது பொரித்தல் அன்று, சுடுதல். வழக்கமான ஓவனில் சுட்ட உருண்டைக்கும் இதற்கும் சத்தளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் உலர் வெப்பத்தில் சிவக்க வைக்கும்போது உருவாகும் அக்ரிலமைடு என்ற சேர்மத்தை உணவுப் பொருள்களில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்து அறிவித்தனர். அது பொரிப்பதில் மட்டுமன்றிச் சுடுவதிலும் உருவாவது. ஆகவே கருவியை மாற்றியதால் பண்டம் தூய்மை அடைந்துவிட்டது என்ற எண்ணம் நிலைக்காது; குறைந்தது எண்ணெய் ஒன்றே, அக்குறைவு பாராட்டத்தக்கது, அதற்குமேல் கருவிக்கு உரிமையுள்ள பெருமை எதுவும் இல்லை.

இரண்டாவது கூற்றைச் சோதிப்பதற்கு உரிய கருவி எளிய கணக்கே. இவ்வகைச் சமையற்குறிப்புகளில் வழக்கமான அளவுகளைக் கொண்ட ஒரு கலவையை எடுத்துக்கொள்ளலாம்: முழுக் கோதுமை மாவு 150 கிராம், பரங்கி விழுது 120 கிராம், 'வே' புரதத் தூள் ஒரு கரண்டி அதாவது 30 கிராம், முட்டை ஒன்று, நீர் வடித்த கொழுப்பற்ற கெட்டித் தயிர் 60 கிராம், சர்க்கரை 50 கிராம். ('வே' என்பது பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிந்து வரும் தெளிநீர், அதை வடிகட்டி உலர்த்திய தூளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு புரதம்.) இக்கலவையிலிருந்து ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள 20 உருண்டைகள் கிடைக்கும். மொத்தம் ஏறத்தாழ 980 கலோரி, 57 கிராம் புரதம். உருண்டை ஒன்றுக்கு 49 கலோரி, 2.9 கிராம் புரதம். அந்தப் புரதத்தில் தூளின் பங்கு 1.2 கிராம் மட்டுமே. எஞ்சியது கோதுமையும் முட்டையும் தயிரும் இயல்பாகவே தருவது. மூன்று உருண்டைகளை ஒருவர் உண்டால் தூளினால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 3.6 கிராம் புரதம். 100 மில்லிலிட்டர் பாலைப் பருகினாலும் ஏறத்தாழ அதே அளவு கிடைத்துவிடும்.

'உயர் புரதம்' என்ற பெயருக்கே இக்கலவை தகுதி பெறவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதிப்படி ஒரு பண்டத்தின் உறையில் அவ்வாறு அச்சிட வேண்டுமானால், நாளொன்றுக்கு 50 கிராம் என்று வகுக்கப்பட்ட புரத மதிப்பில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 10 கிராம், அப்பண்டத்துக்கென நிர்ணயிக்கப்பட்ட ஒரு பரிமாறல் அளவில் இருந்தாக வேண்டும். டோனட்டுக்கு அந்த அளவு 55 கிராம். மேற்கண்ட உருண்டைகளில் 55 கிராமுக்குக் கிடைப்பதோ ஏறத்தாழ 8 கிராம். தூளை இரட்டிப்பாக்கினால்தான் வரம்பைத் தொட முடியும், அப்போது வேறொரு விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். கோதுமையிலுள்ள குளூட்டன், நீருடன் பிசையும்போது இழுபடும் வலைபோல் உருவாகிக் காற்றுக் குமிழ்களைத் தாங்கிப் பிடிக்கும் புரதம். 'வே' புரதமோ ஏறத்தாழ 70 டிகிரி வெப்பத்தைக் கடந்ததும் சுருள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி, இறுகிய கட்டியாக உறைந்துவிடும். மாவின் எடையில் கால் பங்கைத் தாண்டித் தூள் சேரும்போது உருண்டை மென்மை இழந்து இரப்பர்போல் இழுபடுவதும், ஆறியபின் தொண்டையில் அடைப்பதும் இதன் விளைவே. வெப்பம் புரதத்தைச் சத்தற்றதாக்கிவிடுகிறது என்று சிலர் எழுப்பும் எதிர்வாதம் தவறானது. சுருள் அவிழ்ந்த புரதமும் செரித்து உடலில் சேரும். இங்கே கெடுவது பண்டத்தின் பக்குவமும் சுவையும் ஆகும்; தின்பண்டத்துக்கு அவையே உயிர் என்பதால் அதைச் சிறிய இழப்பாகத் தள்ளிவிட முடியாது.

சுவை குன்றிய உருண்டையை ஏற்கச் செய்வதற்காக அடுத்து வருவது மேற்பூச்சு. சுட்டெடுத்த உருண்டைகளை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, பட்டைத் தூள் கலந்த சர்க்கரையில் புரட்டுவது இக்குறிப்புகளில் வழக்கமான இறுதிப் படி. 20 உருண்டைகளுக்கு 30 கிராம் வெண்ணெயும் 60 கிராம் சர்க்கரையும் மிகையான அளவுகள் அல்ல. ஆயினும் அவை மட்டுமே ஏறத்தாழ 450 கலோரியைச் சேர்த்துவிடுகின்றன. 49 கலோரியாக இருந்த உருண்டை 71 கலோரியாகிறது. அதே 20 கிராம் எடையுள்ள, பூச்சில்லாத பொரித்த உருண்டைக்கு ஏறத்தாழ 84 கலோரி என்பதை இதனுடன் ஒப்பிட்டால், எண்ணெயை விலக்கி ஈட்டிய 35 கலோரி ஆதாயத்தில் 22 கலோரியை மேற்பூச்சே விழுங்கிவிட்டது என்பது விளங்கும். சர்க்கரைக் கணக்கு இன்னும் கடுமையானது: உள்ளும் புறமுமாக உருண்டைக்கு 5.5 கிராம் வீதம், ஐந்து உருண்டைகளில் 27.5 கிராம், அமெரிக்க இதயச் சங்கம் பெண்களுக்கு நாள் முழுவதற்கும் வகுத்துள்ள சேர்க்கைச் சர்க்கரையின் மேல்வரம்பு 25 கிராமே. சேர்க்கைச் சர்க்கரை என்பது பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ளதைத் தவிர்த்து, சமைப்பவரோ உற்பத்தியாளரோ தனியே கலக்கும் சர்க்கரை. இந்த மிகுதியை எந்தப் புரதமும் ஈடு செய்வதில்லை. உடல் ஒன்றின் மிகையை மற்றொன்றின் வரவால் கழித்துக் கணக்கிடுவதில்லை.

இக்கருத்தை ஆதரிப்போரின் வலிமையான வாதம் பசியாற்றும் திறனைப் பற்றியது. புரதம் மாச்சத்தையும் கொழுப்பையும்விட நெடுநேரம் வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது. ஆகவே புரதம் சேர்ந்த இனிப்பை உண்பவர் குறைவாகவே உண்பார் என்று அவர்கள் கூறுகின்றனர். ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ரவுபென்ஹைமர் ஆகிய அறிஞர்கள் 2005-இல் முன்வைத்த கருதுகோளும் இவ்வாதத்துக்குத் துணை நிற்பதாகத் தோன்றும்: உணவில் புரதத்தின் விகிதம் குறையும்போது, தேவையான புரதத்தைப் பெறுவதற்காக மனிதர் மொத்த உணவையே கூடுதலாக உண்கின்றனர் என்பது அதன் சாரம். ஆனால் அக்கருதுகோள் பேசுவது முழு உணவுமுறையின் புரத விகிதத்தைப் பற்றி. ஒரு தனிப் பண்டத்தில் தூவப்பட்ட தூளைப் பற்றி அன்று. பசியடக்கம் தெளிவாகப் புலப்படுவது ஒரு வேளை உணவில் 25 முதல் 30 கிராம் வரை புரதம் சேரும்போது. அந்த அளவை இவ்வுருண்டைகளிலிருந்து பெற வேண்டுமானால் ஒன்பது அல்லது பத்து உருண்டைகளை உண்ண வேண்டும், அவற்றோடு ஒரு நாளின் சர்க்கரை வரம்பை இருமடங்கு கடக்கவும் வேண்டும். பசியைக் குறைக்கும் என்று சொல்லப்படும் பண்டம், அந்தப் பயனைத் தருவதற்கே மிகையாக உண்ணப்பட வேண்டியிருப்பது அவ்வாதத்தை அதன் அடியிலேயே தகர்க்கிறது.

புரதம் மெய்யாகவே குறைந்தவர்களின் தேவையை இக்கட்டுரை மறுக்கவில்லை. முதியவர்கள், நோயிலிருந்து தேறுவோர், எடை குறைக்கும் ஊசி மருந்துகளால் உணவளவு சுருங்கித் தசை இழக்கும் நிலையிலுள்ளோர் ஆகியோருக்குப் புரதம் குறித்த கவனம் இன்றியமையாதது. அதனாலேயே அவர்களுக்கு அதை உருண்டைக்கு 1.2 கிராம் வீதம் சர்க்கரையில் பொதிந்து தருவது பொறுப்பற்ற செயலாகிறது. ஒரு முட்டை 6 கிராம் புரதத்தைத் தருகிறது. 170 கிராம் கொழுப்பற்ற கெட்டித் தயிர் ஏறத்தாழ 100 கலோரியில் 17 கிராம் தருகிறது. தேவையுள்ளவருக்கு இவையே நேர்வழி. பொதுவான அமெரிக்க வயதுவந்தோரின் நிலை வேறு: உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளுக்கு 0.8 கிராம் என்ற பரிந்துரையைவிடச் சராசரியாகக் கூடுதலான புரதத்தை அவர்கள் ஏற்கெனவே உண்கின்றனர். அவர்களிடம் உண்மையில் குறைந்திருப்பது நார்ச்சத்து. பெண்களுக்கு 25 கிராம், ஆண்களுக்கு 38 கிராம் என்ற பரிந்துரைக்கு எதிராக, சராசரியாக உண்ணப்படுவது அதன் பாதியை ஒட்டிய அளவே. இல்லாத குறையை நிரப்புவதாகப் பறைசாற்றி, இருக்கும் குறையைப் பேசாமல் விடுவது உணவறிவுக்கு அழகன்று.

அமெரிக்கச் சமையலறை இந்த வழியில் ஏற்கெனவே ஒருமுறை சென்று திரும்பியிருக்கிறது. கொழுப்பே எல்லாத் தீமைக்கும் மூலம் என்று கருதப்பட்ட காலத்தில், நபிஸ்கோ நிறுவனம் 1992-இல் ஸ்நாக்வெல்ஸ் என்ற பெயரில் கொழுப்பற்ற பிஸ்கட்டுகளை வெளியிட்டது. கொழுப்பு இருந்த இடத்தைச் சர்க்கரையும் மாவும் நிரப்பின. கொழுப்பில்லை என்ற ஒரே தகுதியை நம்பி மக்கள் அவற்றைப் பெட்டி பெட்டியாக உண்டனர். ஒரு பண்டத்தின் ஒரு கூறு நல்லதாகத் தெரிந்தால் முழுப் பண்டமும் நல்லதாகிவிட்டதாக மனம் கொள்ளும் மயக்கத்துக்கு அந்தப் பிஸ்கட்டின் பெயரே பின்னர் வழங்கலாயிற்று. அன்று நீக்கப்பட்ட கொழுப்பு செய்த வேலையை இன்று சேர்க்கப்பட்ட புரதம் செய்கிறது. மூன்றாவது கூற்றின் வேர் இதுவே: பண்டத்தின் பெயர் நல்லதாகும்போது அளவைப் பற்றிய எச்சரிக்கை தளர்கிறது, இரண்டோடு நிற்க வேண்டிய கை ஆறாவது உருண்டைக்கு நீள்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 'ஆரோக்கியமான' என்ற சொல்லை உறையில் பயன்படுத்துவதற்கான விதிகளை 2024 டிசம்பரில் திருத்தியபோது, முழுத்தானியம், காய், பழம், பால் முதலிய உணவுத் தொகுதிகளின் பங்கையும், சேர்க்கைச் சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் ஆகியவற்றின் உச்சவரம்பையும் அளவுகோலாக்கியது. புரதத் தூளைக் கலந்துவிட்டதால் மட்டும் ஓர் இனிப்பு அந்தச் சொல்லுக்கு உரியதாகிவிடுவதில்லை. இந்தியாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் உடல் பருக்கப் புரதத் தூள்களை நாடுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியிருக்கிறது.

இந்த ஆரவாரத்தில் மறக்கப்பட்டுவிட்ட பொருள் பரங்கி. அமெரிக்காவில் டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் பரங்கி விழுதின் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தின் மோர்ட்டன் ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் விளையும் டிக்கின்சன் என்ற வகையிலிருந்து வருவது. அது குக்குர்பிட்டா மாஸ்கேட்டா என்ற இனத்தைச் சேர்ந்தது, தமிழ்நாட்டுச் சந்தைகளில் பரங்கி என்றும் சர்க்கரைப் பூசணி என்றும் விற்கப்படும் காயும் பெரும்பாலும் அதே இனத்தைச் சேர்ந்ததே. அவ்விழுதின் 100 கிராமில் 34 கலோரியும், ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்தும், ஒரு பெண்ணின் அன்றாடத் தேவையான 700 மைக்ரோகிராமைக் கடக்கும் அளவுக்கு வைட்டமின் ஏ தரும் பீட்டா கரோட்டினும் உள்ளன. மேலே கண்ட கலவையில் உருண்டைக்கு 6 கிராம் பரங்கியே இருந்தும், மூன்று உருண்டைகள் அந்தத் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தருகின்றன. பெயரில் புகழப்படும் தூள் சேர்ப்பதைவிட, நிறத்துக்கும் மணத்துக்குமாகச் சேர்க்கப்பட்டதாகக் கருதப்படும் காய் சேர்ப்பது மதிப்பு மிக்கது. மேலும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைந்தே குடலில் உறிஞ்சப்படுவது; ஆகவே கொழுப்பைத் துளியும் இல்லாமல் விலக்குவதைப் பெருமையாகக் கொள்ளும் குறிப்புகள் பரங்கியின் முதன்மைச் சத்தையே வீணாக்கும் திசையில் செல்கின்றன.

எனவே ஏற்கத்தக்க முறை புரதத்தைத் துரத்துவதை விட்டுப் பரங்கியை மையமாக்குவது. தூளையும் தயிரையும் நீக்கிவிட்டு, 240 கிராம் விழுதை அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் கிளறி, மூன்றில் ஒரு பங்கு எடை குறையும்வரை நீரை வற்ற விடலாம். டப்பாவில் வாங்கும்போது சர்க்கரையும் மசாலாவும் முன்னரே கலந்த, 'பை' (pie) என்னும் பண்டத்துக்கான நிரப்புக் கலவையைத் தவிர்த்து, பரங்கி மட்டுமே அடங்கியதைத் தேர்வது முக்கியம். ஆறிய விழுதில் ஒரு முட்டை, 40 கிராம் சர்க்கரை, 15 கிராம் எண்ணெய் ஆகியவற்றை அடித்துக் கலந்து, 150 கிராம் முழுக் கோதுமை மாவு, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, பட்டை, சுக்கு, சாதிக்காய், கிராம்புத் தூள்களைச் சேர்த்து, மாவு மறையும் அளவுக்கு மட்டும் கிளற வேண்டும். மிகுதியாகக் கிளறினால் குளூட்டன் இறுகி உருண்டை கடினமாகும். பத்து நிமிடம் ஊறவிட்டால் தவிடு நீரை உறிஞ்சிக் கலவை கெட்டிப்படும். தளர்ந்த மாவு கூடையின் துளைகளில் வழிந்துவிடும் என்பதால் சிலிகான் குழிகளிலோ எண்ணெய்த்தாளிலோ இடைவெளி விட்டு வைத்து, முன்னரே சூடேற்றிய ஏர் ஃப்ரையரில் 175 டிகிரியில் ஏழு முதல் ஒன்பது நிமிடம் சுட வேண்டும். கருவிக்குக் கருவி காற்றோட்டம் மாறுபடுவதால் முதல் தொகுதியைக் கண்காணிப்பது அவசியம், பொன்னிறத்தில் எடுப்பதே நன்று. வெண்ணெயில் தோய்க்காமல், சூட்டோடு 15 கிராம் பட்டைச் சர்க்கரையை மேலே தூவினால் போதும்.

இந்த முறையிலும் பூச்சுக்கு முன் உருண்டைக்கு ஏறத்தாழ 48 கலோரியே. அதாவது தூள் கலந்த உருண்டையின் அதே அளவு. ஆனால் பரங்கி இருமடங்கு, மூன்று உருண்டைகளில் நார்ச்சத்து ஏறத்தாழ மூன்றரை கிராம், பூச்சையும் சேர்த்து உருண்டைக்குச் சர்க்கரை 5.5 கிராமுக்குப் பதிலாக 3 கிராமுக்கும் குறைவு. கரோட்டினை உடல் ஏற்பதற்குத் தேவையான கொழுப்பும் உடன் உண்டு. புரதம் வேண்டுவோர் அருகில் ஒரு கிண்ணம் கெட்டித் தயிரை வைத்துக்கொண்டால், பதினான்கு உருண்டைகளின் தூள் தரக்கூடிய புரதம் ஒரே கிண்ணத்தில் கிடைத்துவிடும்.

இனிப்பை இனிப்பாக ஒப்புக்கொள்வது அதை இழிவுபடுத்துவது ஆகாது. நல்ல காயும் முழுத்தானியமும் அளவான சர்க்கரையும் கொண்டு, மென்மை கெடாமல் செய்யப்பட்ட உருண்டை, மாலைத் தேநீருக்கு இரண்டோ மூன்றோ பரிமாறப்படும் தகுதியை முழுமையாகப் பெற்றிருக்கிறது; அதைக் காலை உணவாகவோ மருந்தாகவோ வேடமிட்டுக் காட்டும் தேவை அதற்கு இல்லை. ஒரு பண்டத்தின் நன்மையைத் தீர்மானிப்பவை அதில் அடங்கிய பொருள்களும், அவற்றின் அளவும், உண்ணும் எண்ணிக்கையும் ஆகிய மூன்றே. இம்மூன்றையும் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் வீடுகளில் வேரூன்றுமானால், அடுத்த பருவத்தில் புரதத்தின் இடத்தில் வேறொரு சத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு வரும் இனிப்பையும் மக்கள் அதே தெளிவுடன் எடைபோடுவர்.